கடற்கரைத் திடல் தெரிந்த பெரிய டாம் மாரிஸ்

முகவுரை

அணைக்கட்டும் வேலூரும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் அடங்கிய நம் பகுதிக்குக் கடல் அண்மையிலுள்ள பொருளன்று. கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்தாலன்றி அலையோசை நம் செவிக்கு எட்டாது. ஆயினும் நம் ஊர்த் தோல் கடல் கடந்து செல்லத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாயிற்று. தோலைத் தொடர்ந்து மக்களும் செல்கின்றனர். நம் கல்லூரிகளிற் பயின்று தோல் வாணிகத்தில் அமர்ந்தோர் தொழிலின் பொருட்டு மேனாடு சென்று மீள்வதுண்டு. அங்குள்ள வணிகர் வேலை முடிந்தபின் விருந்தினரைக் கோல்ப் ஆட்டத்துக்கு அழைப்பதும் உண்டு. அவ்வாட்டத்திற் சுவை கண்டோர், மற்றொரு முறை விடுமுறையாகவே சென்று, கடலழகும் ஆட்டமும் ஒருங்கே வாய்க்கும் திடலொன்றில் சில நாள் தங்க விரும்புகின்றனர். எத்திடலைத் தெரிந்துகொள்வது என்பதே அவர்தம் வினா.

இவ்வினாவிற்கு வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பர ஏடுகள் விரைந்து விடை கூறும். நாம் வேறு வழியில் விடை கூற முயல்கின்றோம். கடற்கரை மணல்வெளிகளைத் தம் கால்களால் நடந்து, இது திடலாகும், இது ஆகாது என்று தெரிந்து கூறிய ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம். தெரிந்தவன் வாழ்வை அறிந்தால் தெரியும் முறையும் விளங்குமன்றோ? அவர் ஸ்காட்லாந்து தேசத்து டாம் மாரிஸ் என்பவர். அவர் மகனுக்கும் அதுவே பெயராதலின், தந்தையைப் பெரிய டாம் என்றும் மகனைச் சின்ன டாம் என்றும் உலகம் வழங்கும்.

ஆட்டமும் நிலமும்

கோல்ப் நம் நாட்டுக்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1829-ம் ஆண்டிலேயே அதற்கெனச் சங்கம் தோன்றிற்று. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றளவும் நிலைத்திருக்கும் கோல்ப் சங்கங்களுள் அதுவே மூத்தது. பெங்களூரில் 1876-லும், கோடைக்கானலில் 1895-லும் சங்கங்கள் எழுந்தன. ஆயின் இவையெல்லாம் சமவெளியிலும் மலையிலும் அமைந்தவை. கடலை அடுத்த ஆட்டத்துக்கு நமக்கு அணித்தாயிருந்த இடங்களுள் ஒன்று கொழும்பு நகரத்துக் காலிமுகத் திடல். அங்கு ஆடிவந்த சங்கத்தாரும் 1896-ல் உள்நிலத்துக்குப் பெயர்ந்துவிட்டனர். ஆதலின் கடற்கரைக் கோல்ப் இன்னதென அறிய வேண்டுவோர் ஸ்காட்லாந்துக்கே செல்லல் வேண்டும்.

அத்தேசத்தில் கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட மணல்வெளியை லிங்க்ஸ் என்பர். நம் மாணவர் பாலாற்றை நினைவிற் கொண்டால் அது விளங்கும். நீர் வற்றிய காலத்துப் பாலாற்றில் மேடும் பள்ளமுமாய் மணல் கிடக்கின்றது; ஓரங்களில் முரட்டுப் புல் மண்டி நிற்கின்றது. அம்மணலைக் கடற்காற்று மேலும் குவித்து, அதன்மேல் நுண்ணிய புல் அடர்ந்து, ஆடும் முயலும் அப்புல்லைக் கறித்துக் கறித்துப் பாய் விரித்தாற்போல் ஆக்கிவிட்டால் எவ்வாறிருக்குமோ, அதுவே லிங்க்ஸ். உழவுக்கு அது உதவாது. நெல்லோ கோதுமையோ அங்கு விளையாது. ஆயினும் எவ்வளவு மழை பொழியினும் மணல் நீரைக் குடித்துவிடும், சேறு உண்டாவதில்லை, ஆண்டு முழுவதும் அங்கு நடக்கலாம். காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் ஒண்டியிருந்த பள்ளங்கள் பிறகு ஆட்டத்தில் மணற்பொறிகளாயின என்பர். ஒருவர் தோண்டி அமைக்காமல் இயற்கை தானே அமைத்த ஆடுகளம் அது. அங்கு சிறு பந்தொன்றைக் கோலால் அடித்தடித்துக் குழிதோறும் வீழ்த்திச் செல்வதும், குறைந்த அடிகளில் முடித்தவனை வென்றவன் என்பதுமே ஆட்டம். 18 குழிகள் என்ற வழக்கம் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1764-ல் ஏற்பட்டது. நம் சரித்திரத் தலைவர் பிறந்த ஊரும் அதுவே.

பிறப்பும் ஊரும்

1821-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி, ஸ்காட்லாந்தின் கீழ்க்கடற்கரையிலுள்ள அவ்வூரில், நெசவுத் தொழில் செய்த ஏழைக் குடும்பமொன்றில் டாம் பிறந்தார். குடியாத்தத்துத் தறியோசை கேட்டு வளர்ந்த நம் மாணவர்க்கு அவ்வீட்டின் நிலை கூறாமலே விளங்கும். ஆலைத் துணி பெருகப் பெருகக் கைத்தறியாளர் வயிறு வாடிய காலம் அது.

அவ்வூருக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. அதனை இங்கே கூறாது செல்லுதல் தகாது. அங்கே பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற போதகர் 1787-ல் சென்னைக்கு வந்தார்; 1789 முதல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்தினார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாண்டார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்து, அதனைச் சென்னை முறை என்று மேனாட்டிற் பரப்பினார். அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸெயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-ல் திறக்கப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. டாம் பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருக்கையில் அவர் ஊரில் நம் தலைநகரின் பெயர் தாங்கிய பள்ளி எழுந்தது. நம் மணல் அவ்வூர்ச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பித்தது; அவ்வூர் மணல் உலகுக்கு ஆட்டம் கற்பித்தது.

தோற்பந்துத் தொழில்

டாம் தமது பதினான்காம் வயதளவில் ஆலன் ராபர்ட்ஸன் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார் என்பர். ராபர்ட்ஸன் அக்காலத்து ஆட்டக்காரருள் தலைசிறந்தவர். கோல்ப் பந்து செய்து விற்றலே அவர் பிழைப்பு. அப்பந்து தோலாற் செய்யப்பட்டது. இதனை நம் ஊரார் சற்று விரிவாக அறிதல் நன்று.

பதப்படுத்திய தடித்த தோலைப் படிகார நீரில் ஊறவைத்து மெதுவாக்குவர். அதனைத் துண்டுகளாய் வெட்டி, சிறு வாய் விட்டுத் தைத்து, தையல் உட்புறம் போகுமாறு புரட்டுவர். பின்னர்த் தொப்பி நிறைய அளந்தெடுத்த வாத்திறகை வேகவைத்து, அந்தச் சிறு வாய் வழியே இரும்புக் கோலால் மார்பு நோக அழுத்தித் திணிப்பர். வாயைத் தைத்து உலரவிடுவர். உலருங்கால் தோல் சுருங்கும், இறகு விரியும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கப் பந்து கல்லெனக் கெட்டிப்படும். அதன்மேல் வெண்சாயம் பூசுவர். கைதேர்ந்தவனும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளே செய்ய இயலும். இறகுத் தூசு நெஞ்சிற் புகுந்து நோய் செய்யும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கலந்த தொட்டிகளில் நின்று கால் வெளுத்த நம் தொழிலாளர்க்கும், அந்த இருட்டறையில் இருமியிருந்த அவர்க்கும் துன்பம் ஒன்றே.

டாம் தொழிலிலும் ஆட்டத்திலும் ஆசானுக்கு வலக்கையாயினார். 1849-ல் ராபர்ட்ஸனும் டாமும் இணைந்து, டன் என்னும் இரட்டைச் சகோதரரை மூன்று ஊர்களில் எதிர்த்தாடி, 400 பவுன் பந்தயத்தை வென்றனர். 1844-ல் அவர் ஆக்னஸ் பெயின் என்னும் பெண்ணை மணந்திருந்தார். அவர்தம் முதல் மகன் நான்கு வயதளவில் 1850-ல் இறந்தான். அடுத்த மகனுக்கு, இறந்தவன் பெயரையே இட்டனர். 1851-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி பிறந்த அம்மகனே பின்னர்ச் சின்ன டாம் என உலகறியப் பெற்றவன்.

பிரிவு

இதற்குள் தோற்பந்துக்குப் பகை ஒன்று கடல் கடந்து வந்தது. மலேயாக் காடுகளில் ஒரு மரம் பிசின் தருகின்றது. அதனைக் கட்டாபர்ச்சா என்பர். வெந்நீரிலிட்டால் மெழுகாய் இளகும்; ஆறினால் இறுகும். 1848-ம் ஆண்டளவில் அதனை உருட்டிப் பந்தாக்கினர். அதன் விலை மலிவு, மழையில் ஊறாது, உடைந்தாலும் மீண்டும் உருக்கிப் பந்தாக்கலாம். இறகும் தோலும் நூலும் கொண்டு நெடுநேரம் உழைத்துச் செய்த பந்து, உருண்டையொன்றன்முன் தோற்றது.

ராபர்ட்ஸன் இதனைப் பொறார். புதுப் பந்தைத் தொடுவதில்லை என்று தம் வேலையாளரிடம் உறுதி பெற்றார். ஒருநாள் ஆட்டத்தினிடையே டாமிடமிருந்த பந்துகள் தீர்ந்துவிட்டன. உடனாடியவர் கொடுத்த புதுப் பந்தை வாங்கி ஆட்டத்தை முடித்தார். செய்தி ஆசானை எட்டிற்று, சொற்கள் தடித்தன, டாம் வேலையினின்று நீங்கினார். ஆண்டுக்கணக்காக ஒரே பலகையில் அமர்ந்து தைத்த இருவர் ஒரு பந்தினால் பிரிந்தனர். சில காலத்துள் ராபர்ட்ஸனும் புதுப் பந்தையே செய்து விற்கலாயினார். இருவரும் மீண்டும் சேர்ந்து ஆடினர். தொழிலிற் புதுமை வரும்போது அதனை வெறுத்தவனுக்கும் பயன்படுத்தியவனுக்கும் இடையே நேரும் கசப்பு எந்நாட்டுக்கும் பொது. பட்டைப் பதனிடுதல் போய்க் குரோம் உப்புப் பதனிடுதல் வந்த காலத்தை நம் முதியோர் நினைவுகூர்தல் கூடும்.

பிரஸ்டிக் வாசம்

வேலையிழந்த டாமுக்கு அதுவே நற்காலத்தின் வாயிலாயிற்று. ஸ்காட்லாந்தின் மேல்கடற்கரையிலுள்ள பிரஸ்டிக் என்னும் ஊரில் 1851-ல் புதுச் சங்கமொன்று தோன்றிற்று. பேர்லி என்னும் படைத்தலைவர் டாமை அங்கே திடற்காவலராக அழைத்தார். இவ்விடத்தேதான் திடல் தெரியும் கலையின் முதற்பாடத்தை டாம் கற்றார்.

கொடுக்கப்பட்ட நிலம் சிறிது, மணல்மேடுகளோ பெரியவை. அவர் மேடுகளை வெட்டவில்லை; பள்ளங்களைத் தூர்க்கவில்லை. அன்று வெட்டுதற்குக் கருவியும் இல்லை, பணமும் இல்லை. மேட்டின் தலையில் நின்று எங்கே இயற்கை ஒரு சமதரை வைத்துள்ளது என்று நோக்கினார், அங்கே குழியிட்டார். பின் அங்கிருந்து அடுத்த சமதரையைத் தேடினார். இவ்வாறு 12 குழிகள் அமைந்தன. வழிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டன. சில இடங்களில் குழி கண்ணுக்குத் தெரியாது, மேட்டைத் தாண்டி அடித்துவிட்டுச் சென்று காணவேண்டும். இதனைக் குறையெனக் கூறுவோர் உளர். நிலத்தின் இயல்பே அதுவாயின் அதற்கு இணங்குவதன்றி வேறு செய்வதற்கில்லை என்பது டாமின் வழி.

1860-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி, அத்திடலில் தொழில்முறை ஆட்டக்காரர் எண்மர் கூடி ஒரே நாளில் மூன்று சுற்று ஆடினர். இன்று உலகப்புகழ் பெற்ற ஓப்பன் பந்தயத்தின் தொடக்கம் அதுவே. வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார். டாம் 176 அடிகளில் இரண்டாமவரானார். பரிசு யாதெனின், வெள்ளிக் கொக்கி பூண்ட சிவந்த மொராக்கோத் தோற்கச்சை. ஆம்பூர்த் தோல் வணிகர் இச்செய்தியைக் கேட்டு மகிழ்வரென நம்புகின்றோம். அக்கச்சையை டாம் 1861, 1862, 1864, 1867 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றார். 1862-ல் அவருக்கும் அடுத்தவருக்கும் இருந்த இடைவெளி 13 அடிகள். 1867-ல் வென்றபோது அவருக்கு வயது 46. அப்பந்தயத்தை அவ்வயதில் வென்றவர் அவருக்குப் பின் ஒருவரும் இலர்.

சொந்த ஊர்க் காவல்

1864-ல் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தார் அவரை மீண்டும் அழைத்தனர். ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம். கைவண்டி ஒன்று, மண்வெட்டி, வாரி. வாரத்தில் இரண்டு நாளுக்கு ஓர் உதவியாள். இவ்வளவே அவர் பெற்றவை. ராபர்ட்ஸன் 1859-ல் இறந்தபின் கவனிப்பாரற்றுத் திடல் பாழ்பட்டிருந்தது. டாம் புதர்களை அகற்றி ஆடும் வழியை அகலமாக்கினார். ஒரு குழிக்கருகிலிருந்தே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிய பழைய வழக்கத்தை விலக்கி, தொடங்குமிடங்களைத் தனியே பிரித்தார். கடைசிக் குழிக்குரிய புல்தரையைத் தாமே புதிதாக அமைத்தார். அக்குழி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

புல் வளர்ப்பில் அவர் கண்ட மருந்து மணலே. பிரஸ்டிக்கில் ஒருமுறை கைவண்டி கவிழ்ந்து புல்தரையில் மணல் சிந்திற்றாம். சில நாளில் அவ்விடத்துப் புல் மற்றவற்றினும் தழைத்ததை அவர் கண்டார் என்பர். அதுமுதல் புல்தரைமீது மெல்லிய மணலைத் தூவுதல் அவர்தம் வாடிக்கையாயிற்று. உலகெங்குமுள்ள திடற்காவலர் இன்றும் இதனைச் செய்து வருகின்றனர்.

மற்றொரு வழக்கத்தையும் அவர் விடாது காத்தார். ஞாயிற்றுக்கிழமையில் திடலில் ஆட்டம் கூடாது. அவர் திருச்சபையில் மூப்பராயிருந்தவர். ஆதலின் ஓய்வுநாள் அவர்க்கு விசுவாசத்தின் பகுதி. ஆயின் ஆடுவோர்க்கு ஓய்வு வேண்டாமெனினும் நிலத்துக்கு வேண்டுமென்றே அவர் காரணம் கூறிவந்தார். அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் அப்பழந்திடலில் ஞாயிறுதோறும் பெரும்பாலும் ஆட்டமில்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அங்கு உலாவுகின்றனர். வாரத்தில் ஒருநாள் வருவாயை இழந்தும் நிலத்தைத் தூங்கவிடும் அப்பழக்கம் வேறெங்கும் எளிதிற் காணக்கூடியதன்று.

மகன்

இனிக் கூறவேண்டுவது துயரம். சின்ன டாம் தந்தையையும் விஞ்சிய ஆட்டக்காரனாய் வளர்ந்தான். 1868-ல், தன் பதினேழாம் வயதில், தந்தை முன்னாண்டு வென்ற கச்சையை வென்றான். அடுத்த ஆண்டு மகன் முதல்வன், தந்தை இரண்டாமவர். 1870-லும் அவனே வென்றான். மூன்று முறை தொடர்ந்து வென்றவனுக்கே கச்சை உரியது என்ற விதிப்படி அத்தோற்கச்சை அவனுடையதாயிற்று. பரிசுப்பொருள் இன்மையால் 1871-ல் பந்தயமே நடைபெறவில்லை. 1872-ல் மீண்டும் நடந்தபோதும் வென்றவன் அவனே. இன்று வழங்கும் வெள்ளிக் கூசாவில் முதலாவது பொறித்திருக்கும் பெயர் சின்ன டாமினுடையது.

1875-ம் ஆண்டு செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெரிக் என்னும் கடற்கரை ஊரில் பார்க் சகோதரரை எதிர்த்து ஆடினர். வீட்டில் சின்ன டாமின் மனைவி மார்கரெட் நிறைமாதமாயிருந்தாள். ஆட்டம் முடியும் தறுவாயில் அவள் நிலை கவலைக்கிடமென்ற தந்தி வந்தது. ரயிலேறினால் சுற்றுவழியாதலின், நண்பரொருவர் தம் பாய்மரப்படகை உதவ, இருவரும் கழிமுகத்தைக் கடந்து ஊருக்கு விரைந்தனர். தாயும் சேயும் இறந்த செய்தி, அவர்கள் வீடு சேருமுன்னரே தந்தைக்கு எட்டிற்று. அதனை மகனுக்குச் சொல்லவேண்டியவர் அவரே. ஆயிரம் ஆட்டங்களிற் கலங்காத அவர் நெஞ்சு அன்று பட்டதை எழுத நம்மால் இயலாது.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று காலையில் சின்ன டாம் தன் படுக்கையில் இறந்து கிடந்தான். அவனுக்கு வயது 24. அறுபது கோல்ப் சங்கங்கள் பொருளுதவி செய்து அவன் கல்லறையில் சிலை எடுத்தன. மறு ஆண்டு ஆக்னஸும் மறைந்தாள். எஞ்சிய மக்கள் மூவரும் காலப்போக்கில் தந்தைக்கு முன்னரே இறந்தனர்.

இத்தகைய இடியுண்டவர் ஊரைவிட்டு அகன்றிருந்தால் யாரும் குறைகூறார். டாம் அகலவில்லை. மறுநாள் செய்யவேண்டிய வேலை மறுநாள் இருந்தது: புல் வளர்ந்தது, மணல் பறந்தது, குழியின் விளிம்பு சிதைந்தது. அவர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றார். குளிர்காலத்திலும் விடியலில் கடலில் நீராடும் வழக்கத்தையும் அவர் விட்டிலர். ஆறுதலை அவர் எங்கே தேடினார் என்று வினவுவோர்க்கு, திருக்கோயிலிலும் அத்திடலிலும் என்றே விடை கூறலாம்.

திடல் தெரிதல்

பெருந்துயருக்குப் பின் வந்த முப்பதாண்டுகளிலேதான் அவர் திடல் தெரியும் பணி பரந்தது. ரயில்பாதைகள் நீண்டன; பட்டணத்தார் கோடைவிடுமுறைக்குக் கடற்கரை நாடினர்; ஊர்தோறும் சங்கங்கள் எழுந்தன. எங்கும் டாமையே அழைத்தனர். ஒரு நாளைக்கு ஒரு பவுனும் வழிச்செலவுமே அவர் பெற்ற ஊதியம் என்பர்.

அவர் முறை எளிது. வந்தவுடன் நிலம் முழுவதும் நடப்பார். புல்லைக் காலால் அழுத்திப் பார்ப்பார். காற்று எத்திசையினின்று வீசுகின்றதென நோக்குவார். குழிக்குரிய இடங்களில் முளையடித்து அடையாளம் செய்வார். இரண்டு மூன்று நாளிற் பணி முடிந்துவிடும். இவ்வளவு விரைவிற் செய்தது கவனக்குறைவன்றோ என இக்காலத்தார் ஐயுறலாம். பிற்காலத்தார் பல இடங்களில் அவர் வகுத்த வழியை மாற்றியமைத்தனர் என்பதும் உண்மையே. ஆயின் இடத்தைத் தெரிந்ததில் அவர் தவறியது அரிது.

இங்கிலாந்தின் மேல்கடலோரத்தில் 1864-ல் அவர் வகுத்த வெஸ்ட்வர்ட் ஹோ திடலில் இன்றும் ஆடும் குதிரையும் மேய்கின்றன. ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள மாக்ரிஹானிஷ் திடலை 1879-ல் விரிவாக்கினார். அங்கு முதற்பந்தையே கடற்கரையின் குறுக்கே அடிக்க வேண்டும். அட்லாண்டிக் அலை காலடியில் ஆர்ப்பரிக்கும். 1886-ல் வடகோடியிலுள்ள டார்னக்குக்குச் சென்றார். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சமிருக்கும் அவ்வூர்த் திடலில், மேடையென உயர்ந்த சமதரைகளையே குழிகளுக்குத் தெரிந்தெடுத்தார். அவ்வூரில் பிறந்த டானல்ட் ராஸ் என்னும் இளைஞர் பின்னர் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் வந்து டாமிடம் தொழில் பழகி, அமெரிக்கா சென்று நூற்றுக்கணக்கான திடல்களை அமைத்தார். ஆசானின் கண் மாணவன் வழியே கடல் கடந்தது.

1889-ல் அயர்லாந்தின் நியூகாஸில் நகர்க்குச் சென்றார். மோர்ன் மலைகள் கடலில் இறங்குவதுபோல் தோன்றும் இடம் அது. சங்கத்தார் அவருக்கென ஒதுக்கிய தொகை நான்கு கினிக்கு மேற்படலாகாது என்று தீர்மானித்தனர். அச்சிறு தொகையில் தொடங்கிய கவுண்டி டவுன் திடல் இன்று உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. 1894-ல் அயர்லாந்தின் மேல்கரையிலுள்ள லகிஞ்சில் இரு மணல்மேடுகளின் இடையே ஒளிந்துகிடக்கும் சமதரையொன்றைக் கண்டு குழியிட்டார். இன்றும் அது கண்ணுக்குப் புலப்படாது. மேட்டின்மேல் வைத்த வெண்கல் ஒன்றே குறி.

இவற்றுள் நம் உள்ளத்தைத் தொடுவது ஆஸ்கர்னிஷ். ஸ்காட்லாந்தின் மேற்கே சௌத் யூயிஸ்ட் என்னும் தீவில் 1891-ல் அவர் அதனை வகுத்தார். காலப்போக்கில் ஆடுவோர் குறைந்தனர், புல் மூடிற்று, திடல் இருந்த சுவடே மறைந்தது. 2005-ல் சிலர் அம்மணல்மேடுகளில் நடந்து, பழைய சமதரைகளைக் கண்டறிந்து, மண்ணைப் புரட்டாமல் புல்லை மட்டும் மழித்து, 2008-ல் மீண்டும் திறந்தனர். நூறாண்டுக்கு முன் டாம் தெரிந்தவை அங்கேயே கிடந்தன. அவர் நிலத்தை வருத்தாமையால், நிலம் அவர் செய்ததை இழக்கவில்லை.

இறுதி

1903-ல் டாம் காவற்பணியினின்று ஓய்வு பெற்றார். சங்கத்தார் சம்பளத்தை நிறுத்தாது கொடுத்துவந்தனர். கடைசிக் குழிக்கு எதிரேயுள்ள தம் கடைவாயிலில் புகைக்குழாயுடன் அமர்ந்து வருவார் போவாரோடு அளவளாவுதல் முதுமையில் அவர் பொழுதுபோக்கு. அரசகுமாரரும் கோல் சுமக்கும் சிறுவரும் அவர்க்கு ஒருநிகரே. 1908-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி படிக்கட்டிலிருந்து தவறி விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 86. பாழடைந்த பேராலய வளாகத்தில், மகனின் அருகே, கடலோசை கேட்கும் தூரத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். விடுமுறையில் கடற்கரைத் திடல் தெரிய விரும்பும் அன்பர்க்கு டாமின் வாழ்விலிருந்து நாம் கூறக்கூடியவை நான்கு. முதலாவது, கடல் தெரிகின்றதா என்பதோடு நின்றுவிடாது, காலடியில் மணல் உண்டா என்று கேளுங்கள். களிமண்மேல் அமைந்த திடல் கடலை நோக்கியிருப்பினும் லிங்க்ஸ் ஆகாது. இரண்டாவது, காற்றை வெறுக்காதீர்கள். காற்றில்லாத நாளில் அவர் திடல்களின் பாதிச் சுவை போய்விடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பகல் நீண்டிருக்கும். அப்போதும் கம்பளிச்சட்டை வேண்டும். மூன்றாவது, பேர்பெற்ற ஓரிடத்தையே எண்ணி ஏங்காதீர்கள். ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் பழந்திடல் ஊர்ப்பொதுச் சொத்து. சீட்டுக் குலுக்கலில் வெளியூராரும் இடம்பெறலாம். ஆயினும் சீட்டு விழாமலும் போகலாம். மாக்ரிஹானிஷும் டார்னக்கும் ஆஸ்கர்னிஷும் தொலைவிலுள்ளமையாலேயே நெரிசலற்றவை. நான்காவது, ஒருநாள் ஆடாதிருங்கள். ஞாயிறன்று அப்பழந்திடலில் வெறுங்கையோடு நடந்து பாருங்கள். ஆடும்போது காணாத மேடுபள்ளம் அன்றுதான் புலப்படும்.

கடைசியாக நம் ஊரைப்பற்றி ஒரு சொல். தோலை நம்பி வாழ்ந்த நாம் பாலாற்று மணலுக்கும் நீருக்கும் ஓய்வு கொடுத்தோமா? தோல் பதனிட்ட கழிவால் நேர்ந்த கேட்டைக்குறித்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டுமென்று 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலும் வேண்டும், நிலமும் வேண்டும் என்னும் சிக்கல் அத்தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. டாமும் தோலிலே தொழில் தொடங்கியவரே. திடற்காவலில் கைவண்டியும் மண்வெட்டியும் போன்ற எளிய கருவிகளே அவர் கையில் இருந்தன. எனினும் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட மணலைத் தாம் பெற்றதினும் நல்ல நிலையில் விட்டுச்சென்றார். கடல் கடந்து சென்று அவர் திடலில் நடக்கும் நம் அன்பர்கள், மீண்டு வந்து பாலாற்றங்கரையில் நிற்கும்போது அதனை மறவாதிருப்பாராக.